டேப் அக்காவின் இருபத்தொரு நாள்

நவம்பர் 12

டேப் அக்காவின் லீவு விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது. அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் இயந்திரத்தில் நிற்பவர் அவர். மகளுக்கு ஜனவரி முதல் வாரம் பிரசவம். கூட இருக்க வேண்டும் என்று வருடம் முழுக்க ஒரு நாள்கூட எடுக்காமல் இருபத்தொரு நாளைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

"டிசம்பரோட எல்லாம் காலாவதி," என்றார் மேனேஜர். "லீவு என்ன உண்டியலா, சேத்து வைக்கிறதுக்கு?"

"அப்ப டிசம்பர்லயே எடுத்துக்கட்டுமா சார்?"

"சீசன்லயா? விளையாடுறீங்களா?"

எடுக்கவும் விட மாட்டார்கள், வைத்திருக்கவும் விட மாட்டார்கள். நான் பதிவேட்டில் 'நிராகரிப்பு' என்று எழுதினேன். அதற்குத்தானே நான்.

நவம்பர் 13

ஆடும் அலமாரிக்கு முட்டுக் கொடுத்திருந்த சட்டப் புத்தகத்தை உருவிப் படித்தேன். மீதி லீவு இருக்கிறது, எடுக்காவிட்டால் போய்விடும் என்று நிர்வாகம் ஒவ்வொருவருக்கும் எழுத்தில், நாள் இருக்கும்போதே சொல்ல வேண்டுமாம். எடுக்கவும் விட வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்த லீவு அடுத்த வருடத்துக்குப் போகும்.

நாங்கள் எழுத்தில் சொன்னது ஒன்றுதான் — கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்.

நவம்பர் 14

தொழிலாளர் துறைக்கு அக்கா சார்பில் மனு எழுதினேன். "எனக்காக உன் வேலைக்கே உலை வச்சுக்காதடி," என்றார். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். எனக்கே படிக்க முடியவில்லை. வலது கையாலேயே எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 27

திங்கட்கிழமை அதிகாரி வருகிறாராம். மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"மார்ச் மூணுன்னு தேதி போட்டு ஒரு அறிவிப்பு டைப் பண்ணும்மா. எல்லாருக்கும் அப்பவே சொல்லிட்ட மாதிரி."

டைப் செய்தேன். ஆமாம், செய்தேன். முடியாது என்றால் எனக்கு நிரந்தர லீவு.

பழசாகத் தெரிய வேண்டும் என்று தாளில் டீயைத் தெளித்து ஜன்னலோரம் காய வைத்தார். கையெழுத்து யார் போடுவது என்று கேட்டேன். "மேனேஜர் நான்தானே?" முத்திரையோடு போட்டார். சுவரில் ஒட்டுவதற்கு டேப் வாங்கி வரச் சொன்னார். அக்காவிடம்தான் வாங்கினேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. மனிதர் இங்கே சேர்ந்ததே ஜூலையில். பூங்கொத்து கொடுத்து வரவேற்றவள் நான்.

சொல்ல வேண்டுமா? என் வேலை லீவுப் பதிவேடு மட்டும்தான்.

டிசம்பர் 1

அதிகாரி ஒரு ஒல்லியான அம்மா. அறிவிப்பின் அருகே போய் முகர்ந்தார்.

"டீ வாசம் வருதே?"

"ஒம்பது மாசமா தொங்குதுங்க மேடம்," என்றார் மேனேஜர்.

"கையெழுத்து உங்களோடதா?"

"என்னோடதேதான்."

"இங்க எப்ப சேந்தீங்க?"

"ஜூலை—"

அவர் கண் அறிவிப்பிலிருந்த 'மார்ச் 3'-க்குப் போனது.

பின்னாலிருந்து டேப் அக்கா நிதானமாகச் சொன்னார்: "சார் வர்றதுக்கு முன்னாடியே எங்களப் பத்தி நெனச்சிருக்காரு மேடம்."

"டைப் பண்ணது யாரு?"

"நான்தான். போன வியாழக்கிழமை."

எழுதிக்கொண்டு உத்தரவு போட்டார். அக்காவின் இருபத்தொரு நாளும் ஜனவரிக்குப் போகிறது. இனி ஆளாளுக்குத் தனிக் கடிதம்.

டிசம்பர் 3

வேலை போகவில்லை. அந்தக் கடிதங்களை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஜனவரி 9

அக்கா படம் அனுப்பியிருக்கிறார். பேத்தி. 'பொறந்ததுலேந்து தூக்கம்தான். யார்கிட்டயும் லீவு கேக்கல.'

நாற்பத்திரண்டு கடிதங்களும் கொடுத்து முடித்தேன். மேனேஜர் என் மேசை முன் வந்து நின்றார்.

"எனக்கும் பதினோரு நாள் கெடக்கும்மா. எனக்கு யாரு எழுதித் தரணும்?"

"முதலாளி, சார்."

"அவரு லீவுல இருக்காரு."

நானே டைப் செய்து நீட்டினேன். தேதி போடப் பேனாவைத் திறந்தவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். போனையும் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட்டார்.

"இன்னிக்கு ஒம்பதாம் தேதிதானேம்மா?"