வீடு பார்க்க வந்தவர்கள் தண்ணீர் பார்த்தது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நான் நலம். வீடு நலம். டேமும் நலம், அதைப் பற்றி நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், நானாகவே சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் பாதியில் குறுக்கே விழுவீர்கள், அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும்.

பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானா? அவனைக் குளிப்பாட்டப் போய் நீங்கள்தான் முழுக்க நனைந்து வருவதாக மருமகள் சொன்னாள். மகனும் அவளும் வேலைக்குப் போகிற வீட்டில் நீங்கள் இருப்பது உதவிதான். இல்லையென்று சொல்லவில்லை.

இந்த வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருந்துவிடலாம் என்று நீங்கள் எடுத்த முடிவுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒரு பேங்க் மேனேஜரையும் அவர் மனைவியையும் அழைத்து வந்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஹாலைக் காட்டினேன், அலமாரிகளைத் திறந்து காட்டினேன், மொட்டை மாடியில் ஒழுகாத பக்கமாகப் பார்த்து நிறுத்தினேன். "டேம் பேச்சையே எடுக்காதே, வெள்ளம்னு பயந்துடுவாங்க" என்றீர்கள். எடுக்கவில்லை. ஆனால் சமையலறையில் என் தையல் மெஷினுக்கு எதிரே இருக்கிற ஜன்னலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஊருக்கெல்லாம் திரை தைக்கிறவள் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் திரை போடவில்லை என்று நீங்கள் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. மேனேஜர் நேராக அங்கேதான் போனார். "தண்ணி இவ்வளவு பக்கத்துல இருக்கே, வீட்டுக்குள்ள வராதா?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் எனக்குள் ஒரு குறுக்குப் புத்தி வந்தது. இதை வைத்தே இவர்களை விரட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் தண்ணீர் டீ நிறத்தில் புரண்டு வரும், ஷட்டர் திறக்கும் முன் சங்கு ஊதும், அந்தச் சத்தத்தில் பரணில் இருக்கிற பாத்திரமெல்லாம் நடுங்கும் என்றேன். பனிக்காலத்தில் மூட்டம் ஜன்னல் வரை வந்து நிற்கும், போன வருஷம் நம் வீடு என்று நினைத்துப் பால்காரர் நம் பாலைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாசலில் வைத்துவிட்டுப் போனார் என்றேன். கோடையில் தண்ணீர் வற்றி, முழுகிக் கிடந்த பழைய ரோடு வெளியே வரும், சேற்று வாடை சாப்பாட்டில்கூட அடிக்கும் என்றேன். மேனேஜர் முகம் சுருங்க ஆரம்பித்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. அந்தப் பழைய ரோட்டில் சாயங்காலம் நடந்தால் ஏதோ பயணம் கிளம்பின மாதிரி இருக்கும், பாதியில் அது தண்ணீருக்குள் இறங்கிவிடும், அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன் என்றேன். மூட்டம் விலகும்போது முதலில் படகுத்துறை தெரியும், பிறகு நாரைகள், கடைசியாகத்தான் அக்கரை என்றேன். நல்ல மழை பெய்த மறுநாள் எழுந்து பார்த்தால், நேற்று ஆடு மேய்ந்த இடத்தில் ஆகாயம் கிடக்கும் என்றேன். பேசிக்கொண்டே திரும்பினால், மேனேஜர் மனைவி என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, இந்த வீடுதாங்க. வேற எதையும் பார்க்க வேண்டாம்" என்கிறார்.

புரோக்கருக்கு வாயெல்லாம் பல். மேனேஜர் அட்வான்ஸ் என்று ஆரம்பித்ததும் நாக்கில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். "என் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டாருங்க. அவருக்கு இந்த டேம்னா உயிர். இதைப் பார்க்காம ஒரு நாள் இருக்க மாட்டார்" என்றேன். காப்பீட்டுக் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் எந்தத் தெருவில் வெள்ளம் வரும் என்றே கணக்குப் போட்ட உங்களைப் பற்றித்தான் இப்படிச் சொன்னேன்.

"அப்ப சார் இப்ப எங்க இருக்கார்?" என்றார் மேனேஜர். பேங்க்காரர் அல்லவா. பேரனைப் பார்க்கப் போயிருக்கிறார், இன்றைக்கோ நாளைக்கோ ஓடி வந்துவிடுவார் என்று சமாளித்தேன். அந்த அம்மா கண் கலங்கி, இப்படிப்பட்ட மனுஷனைப் பிரிக்கிற பாவம் நமக்கு வேண்டாம் என்று கணவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புரோக்கர் புண்ணியத்தில் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பல் டாக்டர் என்னை வழியில் நிறுத்தி, "சாருக்குள்ள இப்படி ஒரு ரசிகர் இருக்கறது தெரியாமப் போச்சே" என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

பொய் சொன்னது உறுத்திக்கொண்டேதான் இருந்தது, நேற்று மருமகள் போன் செய்யும் வரை. "மாமா எழுந்ததும் போன்ல உங்க டேம் லெவலைத்தான் பார்க்கறார் அத்தை. பல் தேய்க்கறதே அதுக்கப்புறம்தான். லெவல் ஏறிச்சுன்னு எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கார்" என்றாள். அது பழைய உத்தியோக புத்தி, வெள்ள அபாயத்தைக் கவனிக்கிறேன் என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

அடுத்த ஆளைக் கூட்டி வரட்டுமா என்று புரோக்கர் கேட்கிறார். சார் வந்ததும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த வாரமே ஷட்டர் திறக்கலாம் என்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் ஜோடி ஜோடியாகக் கரையில் வந்து நிற்பார்கள். பேரனுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் குடையை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அவசரமே இல்லாத
உங்கள் மனைவி