சாரல் இருக்கா என்று கேட்காத குரல்

அண்ணே, என் பிரியத்துக்குரிய அண்ணே,

சாரல் இன்னும் இறங்கவில்லை. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனி பிறந்துவிட்டது. மேகம் மலைமேல் வந்து நிற்கிறது, பிறகு போய்விடுகிறது. குற்றாலம் மெயினருவியில் பாறைதான் தெரிகிறது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று மட்டும் வந்து, கொடியில் காயும் துணியைத் தள்ளிப் பார்க்கிறது.

உன் முதல் கதை வெளியே வந்துவிட்டது. கல்லூரியில் படித்தபோது எழுதியது. பிறகு அறிவியல் புனைகதை என்றாலே உன் பெயரைச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டாய். ஆனால் இந்தக் கதையை எந்தத் தொகுப்பிலும் சேர்க்க விட்டதில்லை. ஏன்? இப்போது உன் எல்லாக் கதைகளையும் ஒன்றாகப் போடுகிறார்கள். அதற்கு முன்பாக இதை மட்டும் பதிப்பகத்தின் இணையதளத்தில் வெளியிட்டு, வாசகர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். நான் எப்படிப் படித்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும்.

நிலாவில் சுரங்க வேலைக்குப் போன மகன். குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கும் அம்மா. சுரங்கத்தில் விபத்து. யார் பிழைத்தார்கள் என்று கம்பெனி சொல்லவில்லை. செத்தவர்களின் குரலில் பேசும் இயந்திரம் ஒன்று கம்பெனியிடம் இருக்கிறது. ஆனி மாதத்தில் ஒருநாள் அம்மாவுக்கு அழைப்பு வருகிறது. "சாப்பிட்டியாம்மா?" என்கிறது மகனின் குரல். "சாப்பிட்டேம்ப்பா" என்கிறாள். போனை வைத்துவிட்டுப் பழங்களின் மேல் தண்ணீர் தெளிக்கிறாள். அவ்வளவுதான்.

பேசியது மகனா, இயந்திரமா? நீ சொல்லவில்லை.

சாயங்காலம் ஆனால் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். "ஏட்டி, இன்னைக்கு யாரு என்ன எழுதிருக்கா? படி." உன் கதைகளில் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காதவள். வாசகர் கருத்து ஒன்றையும் விடுவதில்லை.

சென்னைக்காரர் ஒருவர், கதையில் வரும் தொழில்நுட்பம் ரொம்பப் பழசு என்கிறார்.

"பழைய கதையில பழசுதான இருக்கும். கிறுக்கன். அடுத்தது?"

கோயம்புத்தூர் ஆசிரியை ஒருவர், அந்த அம்மாவுக்குப் பெயரே வைக்கவில்லையே என்று கோபப்பட்டிருக்கிறார்.

"வச்சா எம் பேரைத்தான் வச்சிருப்பான். நல்லவேள, தப்பிச்சேன்."

ஒரு மாணவன் அழுதுவிட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தான். இன்னொருவர், பேசியது மகனேதான், எந்த இயந்திரத்துக்குச் சாப்பிட்டியா என்று கேட்கத் தெரியும் என்று வாதாடியிருந்தார். அதை அம்மா திரும்பப் படிக்கச் சொன்னாள்.

பிறகு பக்கத்து ஆய்க்குடியிலிருந்து ஒரு பெண் எழுதினாள். "அது மகன் இல்லை. ஆனி மாதம் பேசுகிறான், சாரல் இருக்கா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளை அப்படிப் பேசமாட்டான். அந்த அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும்."

எத்தனை முறை படித்தேன், எனக்கு ஏன் இது தெரியவில்லை? வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனி, ஆடியில் போன் வந்தால் நலம் விசாரிப்பது அப்புறம்தான். "சாரல் இருக்கா?" நீயும் பெங்களூரிலிருந்து அப்படித்தான் தொடங்குவாய். இருக்கு என்று அம்மா சொன்ன வாரமே, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாய்.

அந்தக் கருத்துக்குக் கீழே ஆலங்குளத்துக்காரர் ஒருவர் பதில் போட்டிருக்கிறார். எழுத்தாளர் மறந்திருப்பார், எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடாதீர்கள் என்று.

அம்மா கேட்டாள். "வேணும்னே கேக்காம விட்டானா, மறந்துட்டானா?"

எழுதி முடித்தபின் எழுத்தாளனைத் தேடக்கூடாது, பிரதியை மட்டும் பார் என்று பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

அவள் கேட்டது கதையைப் பற்றியே இல்லை என்று எனக்குப் புரிந்தது. போன ஆனியில் ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகப் பேசினாய். இங்கே அப்போது நல்ல சாரல். "சாப்பிட்டியாம்மா?" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை.

"இருக்குன்னு நான் சொன்னா வரமுடியாதேன்னுதான் கேக்கலையோ," என்றாள் அம்மா. "அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, பாத்தியா."

தெரிந்திருந்ததா?

இதையும் சொல்லவேண்டும். பதிப்பகத்தார் இந்தக் கதையை உன் குரலிலேயே ஒலிப்புத்தகமாகப் போட விரும்புகிறார்கள். உன் மேடைப்பேச்சுப் பதிவுகளைக் கொடுத்தால் கணினி உன்னைப் போலவே வாசிக்குமாம். கல்லூரிப் பையனாக நீ கற்பனை செய்த இயந்திரம் இப்போது சும்மா ஒரு செயலி. வாசகர்களும் கேட்கிறார்கள். வீட்டில் சம்மதித்தால் போதும் என்று மாதிரிக்கு ஒரு வரியை அந்தக் குரலில் செய்து அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கும் நேராகவே அனுப்பிவிட்டார்கள்.

நான் அடுப்படியில் இருந்தேன். உன் குரல் கேட்டது.

"சாப்பிட்டியாம்மா?"

நீயேதான். 'அம்மா'வில் குரல் லேசாக இறங்குமே, அதுவும் இருந்தது. கூடத்துக்கு வந்து பார்த்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டேம்ப்பா," என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். அது வேறெதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கண்கூசும் வெயில். "சாரல் நல்லா விழுதுப்பா. கெளம்பி வா."

நான் திரும்பி அடுப்படிக்கே போய்விட்டேன்.

அது இயந்திரம் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே சொன்னாள், "அது அவன் இல்லட்டி. எனக்குத் தெரியாதா? வேண்டாம்னு எழுதிப் போடு." எழுதிப் போட்டேன். கதை புத்தகத்தில் வரட்டும், குரல் வேண்டாம் என்று. மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்ததும் போனை என்னிடம் நீட்டினாள். "அத எப்படிப் போடணும்? ஒருதடவ போட்டுக் குடு." போட்டுக் கொடுத்தேன். இப்போது அவளே போட்டுக்கொள்கிறாள். தினமும் பதில் சொல்கிறாள். தினமும் சாரல் விழுவதாகச் சொல்கிறாள்.

ஒருமுறை அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை அழிக்கப் போனை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன் கதையில் அந்த அம்மா போனை வைத்துவிடுகிறாள். மறுபடி அழைப்பு வந்ததா என்று நீ எழுதவில்லையே.

அவளைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை, அண்ணே. உனக்குப் பதிலாக அவளுக்கு எதுவும் சொல்லவும் தெரியவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன். சாரல் விழாத நாளில் விழுகிறது என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே விழும் அன்று மொட்டைமாடிக்குப் போய், முகம் நனைந்த பிறகு, உனக்குத்தான் முதலில் சொல்வேன். நீ கேட்காவிட்டாலும். கிளம்பி வா என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இன்றைக்கு இல்லை. மேகம் இருக்கிறது.

தென்காசியிலிருந்து,
அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும்
உன் தங்கச்சி