பதின்மூன்றாம் வரிசை

ஜனவரி 12

முதலில் மன்னிப்பு. எங்கள் வீட்டில் யாரும் தங்களைப் பற்றி எழுதிக்கொண்டதில்லை. எழுதுகிற அளவுக்கு எனக்கு எதுவும் நடந்துவிடவும் இல்லை. ஆனால் அலுவலகத்தில் கேட்பதை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நோட்டு வெளியாள் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பஃபலோவில் நான்கு நாளாகப் பனி. அரங்கத்தின் ஐந்தாம் மாடியில், ஜன்னல் இல்லாத மூலையில் என் மேசை. கூடைப்பந்து அணியின் சம்பளக் கணக்கு என் வேலை. ஹோட்டல் சலவை அறையில் துணி மடிக்கும் அம்மாவுக்கு இது "பந்து ஆபீஸ்". கல்லூரி முடித்த முதல் ஆள் நான் என்பதால் அவர் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்.

சேர்ந்து பதினான்கு மாதம். கூட்டங்களில் நான் பேசியது ஒரு பக்கம் தேறாது.

ஜனவரி 15

இன்றும் அதே பேச்சு. லாமான்ட் ப்ரூயட்டை என்ன செய்வது?

எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர், வயது முப்பத்தாறு. இந்த ஆண்டுச் சம்பளம் நாலு கோடியே எண்பது லட்சம் டாலர். அணி தோற்றுக்கொண்டே இருப்பதால் இளையவர்களை ஆடவைக்கிறார்கள். அவரை டிசம்பரிலிருந்து வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆடினால் காயம் படலாம், காயம் பட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் சம்பளத்தோடு ஒரு சிறை.

அனுப்ப இரண்டு வழி. ஒன்று பைஅவுட்: அவர் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், நாங்கள் மீதியைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம், அவர் தன்னை எடுக்கும் வேறு அணிக்குப் போகலாம். அறுபது லட்சம் விடுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். இன்னொன்று டிரேட்: வேறு அணிக்கு அவரைக் கொடுத்து அவர்களுடைய ஆட்களை வாங்குவது.

பொது மேலாளர் வெண்டலுக்குப் பைஅவுட் என்றாலே முகம் சுண்டிவிடுகிறது. "இவனைக் கொண்டுவர பாதி டீமையே தூக்கிக் குடுத்தேன். இப்ப வெறுங்கையோட வழியனுப்பினா ஊரே சிரிக்கும். ஒரு டிரேட் கண்டுபிடி, மிரெல்யா. எண்ணெல்லாம் உன் பேச்சைக் கேக்குமே."

டிரேட்டுக்குக் கெடு பிப்ரவரி 5, பிற்பகல் மூன்று மணி.

ஜனவரி 19

கிடைத்துவிட்டது!

சான் டியேகோ ப்ரூயட்டைக் கேட்கிறது. கோப்பைக்கு அருகில் இருக்கும் அணி. மூன்று பேரைத் தருகிறார்கள். அந்த மூவரும் வந்தால் நாங்கள் தாண்டவே கூடாத சம்பளச் செலவு வரம்பை இருபத்திரண்டு லட்சம் டாலர் தாண்டிவிடுவோம். ஆகவே ப்ரூயட்டோடு எங்கள் பக்கத்திலிருந்து இன்னொரு சின்னச் சம்பளமும் போக வேண்டும்.

சம்பளப் பட்டியலில் தேடும்போது பெயர்ப் பத்தியை மறைத்துவிடுவேன். வெண்டல் பழக்கியது. பெயர் தெரிந்தால் கை தயங்குமாம். மற்ற வரிசைகளில் சிலரை அனுப்பச் சட்டம் விடாது, சிலரை வெண்டல் விடமாட்டார். பதின்மூன்றாம் வரிசை மட்டும் பொருந்தியது: இருபத்திரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

வெண்டல் எல்லார் முன்னாலும் கை தட்டினார். "வாயே திறக்காது இந்தப் பொண்ணு. திறந்தா தங்கம்!" என்றார். காது சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் பேருந்திலும் சிரித்துக்கொண்டே போனேன்.

ஜனவரி 20

பெயர்ப் பத்தியைத் திறந்தேன். டேன் ஓக்ஸ்.

ஏன் நேற்றே திறக்கவில்லை?

ஜனவரி 21

டேன் மாற்று ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் கிடைத்தால் அதிகம். போன வாரமும் இன்றும் என் மேசைக்கு வந்தார், ஆஸ்பத்திரிக் காப்பீட்டுத் தாள்களோடு.

"பந்தைக் குடு, போட்டுடுவேன். இந்த ஏழு பக்கத்தைப் பார்த்தா எனக்குக் கை நடுங்குது. கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

மனைவி ப்ரீ இங்கேதான், ஆறு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வயிற்றில் இரட்டைப் பெண் குழந்தைகள். இருபத்திரண்டாவது வாரம். எழுந்து உட்காரவும் கூடாது, ஊர் மாற்றவே கூடாது.

"பயிற்சி முடிஞ்சதும் ஓடிடுவேன். அவளுக்குத் தலை வாரி விடறது என் டூட்டி. 'நீ வாரினா குருவிக்கூடு மாதிரி இருக்கு'ங்கறா. ஆனா நர்ஸ் வாரினா அழறா."

நான்காம் பக்கத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டினேன். டிரேட் நடந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அவர் நாட்டின் மறு மூலையில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இனி எந்த அணியும் கூப்பிடாது. இதைத் தெரிந்துகொண்டே அவர் பேனாவுக்கு மூடி தேடிக் கொடுத்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அம்மா துவரைச் சோறு செய்திருந்தார். பெயர் சொல்லாமல் பாதி சொன்னேன்.

"ஆளைக் குடுத்து ஆளை வாங்கறதா? அவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்கம்மா. ஒப்பந்தத்துலயே அப்படித்தான் இருக்கு."

"அவங்கிட்ட கேக்கலைன்னா போகட்டும். உங்கிட்ட கேட்டாங்கல்ல?"

தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 28

நூற்று நாற்பது விதமாகப் போட்டுப் பார்த்தாயிற்று. பதின்மூன்றாம் வரிசை இல்லாமல் எதுவும் நிற்கவில்லை. நானே கட்டிய கூண்டு — நல்ல கட்டு.

வெண்டலின் அறைக்குப் போனேன். மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றுதான் வந்தது. "பைஅவுட்டும் யோசிக்கலாமே... ஓக்ஸோட மனைவி ஆஸ்பத்திரியில..."

"தெரியும். பூ அனுப்பியிருக்கேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லார் வீட்டுலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும். அதையெல்லாம் பார்த்தா ஒரு டிரேட் நடக்குமா? இது நீ கண்டுபிடிச்சது. சந்தோஷப்படு."

கெட்டவர் இல்லை. உண்மையிலேயே பூ அனுப்பியிருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 2

சான் டியேகோ ஒப்புக்கொண்டது. பாக்கி ஒன்றே ஒன்று. ப்ரூயட்டின் ஒப்பந்தத்தில், அவர் எழுத்தில் சம்மதிக்காமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்று ஒரு வரி உண்டு. இத்தனை பேரில் "மாட்டேன்" என்று சொல்ல உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

ஏன் சொல்லப்போகிறார்? பதினாறு வருடமாக ஒரு கோப்பை இல்லை. பைஅவுட்டில் வெளியே வந்தால் சான் டியேகோ போல அதிகம் செலவழிக்கும் அணிகள் அவரை எடுக்கவே சட்டம் விடாது. அவருக்கு அங்கே போக டிரேட் மட்டும்தான் வழி.

பிப்ரவரி 4

வெண்டல் கூப்பிட்டார். "நாளைக்குச் சம்மதக் கடிதத்தை நீ எடுத்துட்டுப் போ. என் முகத்தைப் பார்த்தா அவன் கதவைச் சாத்துவான். நீ எதுவும் பேச மாட்ட, அதான் நல்லது."

ஆபீஸ் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். பொய்யில்லை.

பிப்ரவரி 5

மூன்று மணி தாண்டிவிட்டது. கையெழுத்து இல்லை.

பிப்ரவரி 6

வெண்டல்: "அந்த வீட்டுல அவன் என்னதான் சொன்னான்?"

"பெருசா ஒண்ணும் சொல்லலை." அதுவும் பொய்யில்லை.

பிப்ரவரி 27

பைஅவுட் போன வாரம் முடிந்தது. ப்ரூயட் இப்போது கான்சஸ் சிட்டியில், எங்களைவிட மோசமான அணியில். நேற்று முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன், மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்.

டேன் இன்றும் பயிற்சி முடிந்த கையோடு ஈரத் தலையுடன் ஓடினார். இருபத்தெட்டாவது வாரம் தொடங்கப்போகிறதாம். அவருக்கு எதுவும் தெரியாது. வெண்டலும் இன்னும் என்னை நம்புகிறார். அடுத்த ஆண்டுப் பட்டியலை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார், பெயர்ப் பத்தியை மறைத்து. நான் எங்கும் தப்பிவிடவில்லை. அதே மூலை, அதே மேசை.

ஐந்தாம் தேதி நடந்ததை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

ப்ரூயட்டின் சமையலறை. பனி ஜன்னலில் பாதிவரை ஏறியிருந்தது. முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார்.

"வாங்க கணக்கு டீச்சர். அவனுக்கு வர தைரியம் இல்லையா? உன்னை அனுப்பிட்டானா?" பேனாவை எடுத்துவிட்டார். "சான் டியேகோ! இங்க நான் சோபாவோட சோபாவா ஆயிட்டேன் தெரியுமா? ரெண்டு மாசமா டோஸ்ட்டரோடதான் பேச்சு."

சிரிக்க முயன்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"என்கூட வேற யாரை அனுப்பறாங்க?"

கடிதத்தில் அது இல்லை. சொல்லவும் கூடாது. "டேன் ஓக்ஸ்" என்றேன்.

"ஓக்ஸா? ப்ரீ படுக்கையில இருக்காளே."

"ஆமா. அவரைக் கண்டுபிடிச்சது நான்தான். பேர் பார்க்கலை."

பேனா முனை தாளைத் தொட்டபடியே நின்றது. "நான் போகலைன்னா எனக்கு அந்தக் கோப்பை கிடையாது. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அங்கயே நிக்கறியே. என்ன வேணும் உனக்கு? வாயைத் திறந்து கேளு."

கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"கையெழுத்துப் போடாதீங்க."