உன் கம்ப்யூட்டர் இன்னும் சரியாகலை

மேனாம்பேடு

பாப்பா பவ்யா,

அம்மா எழுதுறேன். இங்க எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறியான்னுதான் எனக்கு நெனப்பு. நெதர்லாந்துல இன்னும் குளிர் விடலைன்னு சொன்ன, காதை மூடிக்காம சைக்கிள்ல போவாத. போன் இருக்கும்போது இன்னாத்துக்குக் கடுதாசின்னு சிரிப்ப. போன்ல பேசும்போதெல்லாம் அப்பா என் தோள்கிட்டயே நிக்கிறாரு, அவரைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அதான் உன் பிரெண்டு சபீனா அங்க வேலைக்குக் கெளம்புறான்னதும் மொளகாத்தூளோட இதையும் வச்சுக் குடுத்தனுப்புறேன். நெமிலிச்சேரி சித்திக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப சுவத்தைப் புடிச்சிகினு நடக்குறா, உன்னைக் கேட்டுகினே இருக்கா.

உன்னோட சின்ன கம்ப்யூட்டரை எதிர்வூட்டு எல்லம்மா பொண்ணு கிருஷ்ணப்பிரியாவுக்குக் குடுத்துடச் சொன்னியே, அவளும் காலேஜ் சேந்துட்டா, ஆசையா வந்தா. அப்பா போட்டுக் காட்டலாம்னு சுவிட்சைத் தட்டுனாரு, டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான், உசுரே இல்ல. அம்பத்தூர்ல கடை வச்சிருக்கிற பாண்டியன் பாத்துட்டு, எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சுன்னாரு, கரண்ட் குடுக்குற பெட்டியாமே அது. இந்த டப்பா ரொம்பச் சின்னது, அதுக்குள்ள போற சைஸ் ஆர்டர் போட்டாதான் வரும், அதுவரைக்கும் பெரிய சைஸ் ஒண்ணு தரேன், உள்ள நுழையாது, வெளிய வச்சு ஓட்டிக்கங்கன்னாரு. இப்ப உன் டேபிள் மேல பக்கத்து மூடியைக் கழட்டிப்போட்டு டப்பா படுத்திருக்கு, தடி தடியா ஒயரு வெளிய வந்து பக்கத்துல இருக்கிற பெரிய பெட்டியில சேருது, டிரிப்ஸ் ஏத்துற பேஷண்ட் மாதிரி. பல்லி பூந்துடப் போவுதுன்னு ஒரு துணியைப் போத்தப் போனேன், அப்பா கத்துனாரு, காத்து போவணும், மூடாதன்னாரு. தண்ணி தெறிக்குமோன்னு அந்த ரூமைத் தொடைக்கவே பயமா கீது.

கம்ப்யூட்டர் ஓடும்போது உள்ள ஃபேன் சத்தம் கேக்குது பாரு, அதுதான் கண்ணு விஷயம். நீ வூட்டுலயிருந்து வேலை பாத்தப்ப கதவைச் சாத்திகினு உக்காந்திருப்பியே, அதே சத்தம். ஒரு நாள் அடுப்படியிலருந்து சாப்பிட வாடின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்பா சாயங்காலம் கம்பெனியிலருந்து வந்ததும் சட்டையைக் கூட மாத்தாம மொதல்ல அதைத்தான் போடுறாரு. எதுவும் பாக்குறதில்ல. போட்டுட்டு ஹால்ல வந்து உக்காந்துக்கிறாரு.

போன வாரம் பாண்டியன் எனக்குப் போன் பண்ணாரு. சின்ன சைஸ் எப்பவோ வந்துடுச்சும்மா, சார் கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன், அங்கயே இருக்கட்டும்னுட்டாருன்னாரு. எனக்கு வந்த கோவத்துல அப்பாகிட்ட, அந்தப் பொண்ணு காத்துகினு கீது, ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். அவர் டிவியைப் பாத்துகினே, அதை மாட்டிட்டா மூடி போட்டுடலாம் கோமளா, மூடி போட்டா தூக்கிகினு போயிடுவாங்க, அப்புறம் அந்த ரூம்ல இன்னா கீதுன்னாரு.

மறுநாள் கோலம் போடும்போது எல்லம்மா கேட்டா, இன்னா அக்கா, அந்த பார்ட் வந்துச்சான்னு. இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன். நானா சொன்னேன்னு எனக்கே தெரியலை. பாவம் அந்தப் பொண்ணு, அவளுக்கு வேணுமேன்னு மனசு கேக்காம, தெனம் இங்கயே வந்து உக்காந்து படிடின்னு கூப்புட்டேன். வருது. உன் நாற்காலியிலதான் உக்காருது. காபி கொண்டுபோய் வச்சா, தேங்க்ஸ் ஆன்ட்டிங்குது. நீ ஒரு நாளும் திரும்பிக் கூடப் பாக்க மாட்ட, ஆறிப்போனதை அப்படியே குடிப்ப.

குடுக்கறதைக் குடுத்துடணும், எனக்குத் தெரியாம இல்ல. ஆனா நாங்க மாட்ட மாட்டோம் பவ்யா, எங்க கையால ஆவாது. லீவு கெடைச்சா ஒரு வாரமாவது வா, நீயே மாட்டி மூடி போட்டு அந்தப் பொண்ணு கையில குடுத்துடு. அப்ப நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்.

அம்மன் உன்னை நல்லா வச்சிருப்பா, எங்க ஆசி எப்பவும் உன் பின்னாலதான். மொளகாத்தூளை டப்பால கொட்டி ஃபிரிட்ஜ்ல வை, இல்லன்னா வண்டு வந்துடும். கடை விஷயம் எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியும், நான் உனக்கு எழுதுனது தெரியாது.

உன் வரவைப் பாத்துகினு இருக்கும்
அம்மா கோமளா