கதவில் தொங்கும் துணிப்பை

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. முட்டை மட்டும் கிடையாது. வாங்கின முட்டை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

சாமான் போட்டுக் கொடுக்கும் பைக்குத் தனியாகக் காசு வாங்கச் சொன்னது எங்கள் கடை முதலாளி, பில் போடுகிற நான் இல்லை. அது தெரிந்தும், நேற்று சிநேகிதர்களோடு என் கவுண்டரில் நின்று, "பைக்குக் காசு கேக்க வெக்கமா இல்ல?" என்று முன்பின் தெரியாதவளிடம் கத்துவது போலக் கத்தினீர்கள். வீம்புக்கு எல்லாவற்றையும் கையில் அள்ளிக்கொண்டு போய் வாசலில் போட்டு உடைத்தீர்கள். குனிந்து துடைத்தது நான்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

துணிப்பை கதவில் தொங்குகிறது. நேற்றும் அங்கேதான் தொங்கியது.

இன்னொன்று. நீங்கள் போனதும் மேனேஜர், "யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டார். "தெரியாது சார்" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை.