காலாண்டு முடியும் முன்னே

படப்பை விடுதி,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

போனைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் என் கையெழுத்தைப் படிக்கும் தண்டனை உங்களுக்கு. வார்டனின் செருப்பு இரண்டும் இடது காலாக மாறிப்போனதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் அனுப்பிய பேப்பர் துண்டைப் படித்தேன். என் காலேஜ் படிப்புக்குச் சேர்த்த பணத்தில் பாதிக்கு நீங்கள் பங்கு வாங்கிய நாவலூர் சாஃப்ட்வேர் கம்பெனி, ‘பெரிய வாடிக்கையாளர் விலகிவிட்டார், இந்தக் காலாண்டு லாபம் குறையும்’ என்கிறது. ஆர்டர் தள்ளிப்போனால் அடுத்த காலாண்டில் வரும். ஆளே போய்விட்டால் எங்கிருந்து வரும்? பங்குக்குப் பங்கம் வந்தாச்சு. விற்றுவிடுங்கள்.

உங்கள் வாலில்லாத மகன்,
ஸ்டெபின்

கிழக்குத் தாம்பரம்,
13 அக்டோபர் 2024

கர்த்தருக்குள் பிரியமான ஸ்டெபினுக்கு,

அம்மாவும் நானும் சுகம். கேட்கும் முன்பே குறையை ஒப்புக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? நம் சபையில் ஒருவர் எழுந்து தன் தவற்றைச் சொன்னால் கைவிடுகிறோமா, கட்டி அணைக்கிறோமா? நேர்மையான நிர்வாகம். விலையும் இறங்கியிருக்கிறது. மீதிப் பாதியையும் போட்டுவிட்டேன். நீ பாடத்தைப் படி.

அப்பா,
ஞா. அசரியா

படப்பை,
19 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தக் கம்பெனியின் இரண்டாவது எச்சரிக்கையை விடுதிக்கு வரும் பேப்பரில் பார்த்தேன். லாபம் குறையவில்லையாம், நஷ்டமாம். அது பாவ அறிக்கை இல்லை அப்பா, முன்ஜாமீன். போன வருடம் காலாண்டுப் பரீட்சை ரிசல்ட்டுக்கு முன்பே ‘மார்க் குறையும்’ என்று நானும்தான் சொன்னேன். கட்டியா அணைத்தீர்கள்?

விற்றீர்களா? ஒரு வரி போதும்.

ஸ்டெபின்

கிழக்குத் தாம்பரம்,
16 மார்ச் 2025

பிரியமான மகனுக்கு,

தாமதத்துக்கு மன்னி. ஜனவரியிலேயே விற்றுவிட்டேன், நஷ்டம் கொஞ்சம்தான். காலேஜில் உனக்குக் கிடைத்த இடத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று. நிம்மதியாகப் பரீட்சை எழுது.

அப்பா

படப்பை,
20 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

காலேஜிலிருந்து கடிதம் வந்தது. முன்பணம் கட்டாததால் என் இடம் ரத்து. விடுதி ஆபீஸ் போனிலிருந்து காலேஜைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒரு பைசா வரவில்லை என்றார்கள். பிறகு அம்மாவிடம் பேசினேன். “அவரு விக்கவே இல்லப்பா. இன்னிக்கு ஏறும், நாளைக்கு ஏறும்னு போனையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

பணம் போனதற்குச் சண்டை போட மாட்டேன். கெடு முடியும் முன்பு சொல்லியிருந்தால் கல்விக் கடனுக்காவது அலைந்திருப்பேன். அந்தக் கம்பெனிகூட முன்கூட்டியே சொன்னது, அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க அம்மா மட்டும் வரட்டும்.

ஸ்டெபின்