மோர் ஸ்டாப்பு வளைவு

மதினி அவர்களின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை, நம் ஊர்க் கண்மாய்க்கரை வளைவில், என் இடது கால் செருப்பு நெடுஞ்சாலையோடு இணைந்துவிட்டது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததற்குப் பிறகு இந்தப் பக்கம் நடந்த பெரிய இணைப்பு இதுதான். சமஸ்தானத்துக்காவது கையெழுத்துப் போட ஆள் இருந்தார்கள். என் செருப்பை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆமாம் மதினி, நம் ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று. வெயில் ஏற ஏற இளகி, அடுப்படி வரைக்கும் வாசம் அடிக்கிறது. "தார் வருது, தார் வருது" என்று நான் கத்திக்கொண்டு ஓடியதைக் கேட்டு, அப்பா வாழைத்தார் இறக்கத் தாழ்வாரத்தை ஒதுக்கிவிட்டார். நீங்கள் இருந்திருந்தால், "கொழுந்தனாரே, மொதல்ல ஒங்க வாய்க்கு ஒரு சட்டி தார் ஊத்தணும்" என்றிருப்பீர்கள். செருப்பைப் பிய்க்கக் குனிந்தபோது உங்கள் குரல்தான் காதில் கேட்டது. நீங்கள் முகர்ந்தே பார்க்காத வாசம் அது. அதில் போய் நீங்கள் எப்படி வந்தீர்களோ தெரியவில்லை.

புதுக்கோட்டையில் கிளம்பி, அன்னவாசலைத் தொட்டு, இலுப்பூரைக் கடந்து விராலிமலையில் போய் முடிகிற ரோடு இது. பெரிய ரோடுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்டுக்குட்டி வால். ஆனால் வாலின் விராலிமலை நுனியில் உங்கள் அம்மா வீடு இருந்தது. அண்ணனுக்கு வாக்கப்பட்டு நீங்கள் வந்த புதிதில், "ஒங்க ஊருக்கு எத்தன மைலு மதினி?" என்று கேட்டேன். புதுப்பெண் தலையைக் குனிவாள் என்று பார்த்தேன். "எங்க ஊரு மயில எண்ண முடியாது, ஒங்க ஊரு மைல நடக்க முடியாது" என்றீர்கள். வாய்ச் சண்டையில் எனக்கு அன்றைக்குத்தான் ஜோடி கிடைத்தது.

நடக்க முடியாதுதான். அப்போது ரோடு கண்மாய்க்கு அங்கிட்டு, பள்ளத்தில் கிடந்தது. மழைக்கு மழை அறுத்துக்கொள்ளும், பஸ் நின்றுபோகும். நல்ல நாளிலும் பஸ்ஸைப் பிடிக்கக் கண்மாயையே சுற்றிப் போகவேண்டும். போனாலும் நம் ஊருக்கென்று நிறுத்த மாட்டான். உங்கள் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. நல்லது கெட்டதுக்கு மட்டும் வண்டி கட்டிப் போய்வந்தீர்கள். "காலையில போயி, ஆத்தாளுக்குத் தல சீவி விட்டுட்டு, சாயங்காலம் வந்து இங்க ஒல வைக்கணும். அவ்வளவுதான் கொழுந்தனாரே எனக்கு வேணும்" என்று ஒருநாள் சொன்னீர்கள். அதில் மட்டும் கிண்டல் இல்லை.

அந்தக் கோடையில்தான் ரோட்டைப் புதுசாய்ப் போட அளக்க வந்தார்கள். ஓவர்சியர், சங்கிலி பிடிக்கிற இரண்டு பேர், ஒரு சிவப்புக் கொடி. அங்கிட்டே மேடாக்கிப் போட்டுவிடுவதாகப் பேச்சு. கண்மாய் வறண்டு கிடந்தது. அந்தப் பக்கம் கிணறு கிடையாது. தாகம் எடுத்தால் நம் வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும். நீங்கள் செம்பு செம்பாக மோர் ஊற்றினீர்கள்.

"மோர்னா இங்கிலீசுல 'இன்னும்'னு அர்த்தம் மதினி" என்றேன்.

"அதான் அவுக இன்னும் இன்னும்னு குடிக்கிறாக" என்றீர்கள்.

இங்கேதான் என் வீரசாகசம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் நான் நூறு தடவை சொன்ன கதை. அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கண்மாய்க்குள் இறங்கி, அங்கிட்டு அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி, இங்கிட்டு நம் ஊர்ப் பக்கமாக வரிசையாய் நட்டுவிட்டேன். ரோடு ஏன் நம் ஊரில் வளைகிறது? இந்தக் கையால்! இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ரோட்டை வளைத்தவன்' என்றே பட்டம்.

மறுநாள் காலை ஓவர்சியர் வந்து நின்றதை மறக்க முடியுமா? முகமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"குச்சியப் புடுங்குனது யாரு?"

நான் குதிருக்குப் பின்னால் இருந்தேன். நீங்கள் நிதானமாகச் செம்பைக் கழுவினீர்கள். "மாடா இருக்கும்ங்க. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. கட்டுத்தறியில நிக்காது, கண்டதையும் புடுங்கும்."

"மாடு புடுங்கும்மா. புடுங்கி வரிசையா நடுமா?"

"எங்க ஊரு மாடு நடும்ங்க. நீங்க மோரக் குடிங்க."

அவர் குடித்தார். இரண்டாம் செம்பில் கோபம் பாதி இறங்கியது. அப்போது கேட்டீர்கள்: "ஏன் சார், நீங்க தண்ணி குடிக்கணும்னா இங்கிட்டு வர்றீங்க. ரோட்ட மட்டும் அங்கிட்டுப் போடுறீங்க. நாளைக்குக் கல்லு நசுக்குற ஆவி இன்ஜின் வருமே, அதுக்குத் தாகம் எடுத்தா எங்க கூட்டிட்டுப் போவீங்க? அதுக்கும் நான்தான் மோர் ஊத்தணுமா?"

ஓவர்சியர் புரையேறிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி நம் கிணற்றைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். சங்கிலிக்காரர்களைக் கூப்பிட்டு இந்தப் பக்கமே நடந்து போனார். மறுவாரம் சிவப்புக் கொடி நம் வாசலுக்கு எதிரே நின்றது.

கப்பிக்கல் பரப்பி ரோடு முடிந்து முதல் பஸ் வந்த அன்று, கைக்குழந்தையோடு ஏறினீர்கள். சாயங்காலம் இறங்கி வந்து உலை வைத்தீர்கள். சோறு குழைந்து போயிருந்தது. எல்லாரும் வழித்துச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். உங்கள் அம்மாவின் கடைசிக் காலம் வரை அவர் தலையைச் சீவி விட்டது நீங்கள்தான். அப்புறம் உங்களுக்கே அந்தக் காய்ச்சல். பஸ்ஸில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அந்தச் சாயங்காலம் மட்டும் இறங்கவில்லை.

ஆனால் கண்டக்டர்கள் இன்றைக்கும் நம் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "மோர் ஸ்டாப்பு எறங்கு!" என்றுதான் கத்துகிறார்கள். தார் போட வந்தவர்களில் ஒருவர் வளைவை நிமிர்த்திவிடலாமா என்று வாயைத் திறந்தார். உங்கள் மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடி, திறந்த வாயில் மோரை ஊற்றினேன். வளைவு அப்படியே இருக்கிறது. புதிதாக 'ஸ்டேட் ஹைவே' என்று போர்டு வேறு நட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஸ்டேட் என்றால் சமஸ்தானம்தான். "ஸ்டேட்டுதான் போயிருச்சேடா, திரும்பியா வருது?" என்கிறார். "மதினி மாதிரிப்பா. போயிட்டாங்க, ஆனா ரோட்டுல பேரு இருக்கு" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

உங்கள் மகள் இப்போது என்னோடு அதே பஸ்ஸில் இலுப்பூர்ப் பள்ளிக்கூடம் வருகிறாள். வாய் அப்படியே உங்களுடையது. இன்று என் செருப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் சித்தப்பா, இந்த ரோட்ட நீங்கதான் வளைச்சீங்களாமே?" என்றாள்.

நூறு தடவை சொன்ன கதை, அந்தக் கண்களுக்கு முன்னால் வரமாட்டேன் என்றது.

"ஒங்க அம்மாதான் வளைச்சாங்க. வாயாலயே."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

மதினி, நம் வீட்டில் அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் பிடுங்கியவை ரோட்டுக் குச்சிகளே இல்லை. ஓவர்சியர் ராத்திரி கூடாரம் கட்ட அடித்து வைத்திருந்த முளைகள். ரோட்டுக் குச்சிகள் அப்பால் பத்திரமாக நின்றுகொண்டிருந்தன. பாவம், மனிதர் விடிய விடிய வெட்டவெளியில் கிடந்திருக்கிறார். முகம் சிவந்திருந்தது கோபத்தால் மட்டும் அல்ல, பாதி கொசுக்கடி.

"நானா?" என்றேன் அவளிடம். "நான் மோர் குடிச்சேன்."